தின் செக்‌ஷனில் குருந்தம் சிவக்கவில்லை, புலம் முழுக்க நீலமாகத் தெரிகிறது: எங்கே பிழை?

சீவல்30 கேட்டது:

வணக்கம். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்தோசைட் கல். அனார்தைட் என்ற வெள்ளை ஃபெல்ஸ்பாருக்கு நடுவே 3 முதல் 8 மி.மீ. வரை இளஞ்சிவப்புக் குருந்த (கொரண்டம்) மணிகள், கூடவே கருப்பு ஹார்ன்பிளெண்ட். இருட்டறையில் 365 நானோமீட்டர் யூ.வி. டார்ச் அடித்தால் குருந்தம் மட்டும் கரித்துண்டு கனல்வதுபோல் சிவக்கிறது. அதே கல்லை அறுத்து, 27×46 மி.மீ. ஸ்லைடில் எபாக்சி வைத்து ஒட்டி, 30 மைக்ரான் கனத்துக்குத் தேய்த்து, அதாவது தின் செக்‌ஷனாக்கி, கவர் ஸ்லிப் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பு மருந்துக்கும் இல்லை. புலம் முழுவதும் வெளிர்நீலப் புகைமூட்டம். குருந்தமும் அனார்தைட்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன.

மைக்ரோஸ்கோப் சாதாரண போலரைசிங் வகை. அப்ஜெக்டிவ்கள் 4×/0.10, 10×/0.25, 40×/0.65. அப்ஜெக்டிவ் வழியாகவே மேலிருந்து ஒளி கொடுக்கும் எபி-ஃப்ளோரசன்ஸ் இணைப்பு கிடையாது. கண்டென்சருக்குக் கீழே உள்ள பல்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டார்ச்சை நிறுத்தி, அனலைசரை (அப்ஜெக்டிவுக்கு மேலுள்ள போலராய்டை) வெளியே இழுத்துவிட்டுப் பார்க்கிறேன். டார்ச்சில் ஃபில்டர் ஏதும் இல்லை.

இதோடு இன்னொரு செக்‌ஷனும் இருக்கிறது: அமெரிக்காவின் நியூ ஜெர்சி, ஃபிராங்க்ளின் கல். கால்சைட்டும் வில்லமைட் என்ற துத்தநாகக் கனிமமும் கலந்தது. 254 நானோமீட்டர் யூ.வி. விளக்கில் கல்லாகப் பார்த்தால் கால்சைட் சிவப்பு, வில்லமைட் பச்சை. செக்‌ஷனில் கீழிருந்து 254 அடித்தால் ஒன்றுமே வரவில்லை.

இன்னும் வலுவான டார்ச் வாங்கினால் சரியாகுமா? அல்லது செக்‌ஷனே பாழா?

---

ஓரக்கதிர் எழுதியது:

முதலில் கண்ணைக் காப்பாற்றுங்கள். நடுவில் தடுப்பு ஃபில்டர் இல்லாமல் கீழிருந்து 365-ஐ நேராக ஐபீஸுக்கு அனுப்பிக் கண்ணை வைக்கவே கூடாது. சாதாரணக் கண்ணாடி லென்ஸ் 254-ஐ நிறுத்திவிடும், 365-ஐ முழுதாக நிறுத்தாது. இன்றைக்கே இதை நிறுத்திவிடுங்கள்.

வலுவான டார்ச் வாங்க வேண்டாம், காசு வீண். டார்ச் இரண்டு மடங்கு ஆனால் நீலப் புகையும் இரண்டு மடங்கு ஆகும், அவ்வளவுதான். அந்த நீலம் உங்கள் கல்லிலிருந்து வருவதே இல்லை. எபாக்சி 365-இல் நன்றாக நீலமாக ஒளிரும். கனடா பால்சமும் அப்படியே. போதாததற்கு ஃபில்டர் இல்லாத 365 எல்.ஈ.டி. கண்ணுக்குத் தெரியும் ஊதா, நீல ஒளியையும் வால்போல இழுத்துக்கொண்டு வரும். கீழிருந்து அடிக்கும்போது அந்த வால் நேரே கண்ணுக்குள் வருகிறது.

குருந்தத்தின் பக்கக் கணக்கையும் பாருங்கள். 3 மி.மீ. மணியோடு ஒப்பிட்டால் 0.03 மி.மீ. சீவலில் இருப்பது நூறில் ஒரு பங்கு கனம். வெளிவரும் சிவப்பும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கிவிடும். எபாக்சியின் நீலமோ குறையாது. கல்லாக இருந்தபோது எபாக்சியே இல்லை. சிவப்பு காணாமல் போகவில்லை, நீலத்துக்குள் மூழ்கிக் கிடக்கிறது.

ஆகவே ஒளியைக் கூட்டுவதைவிட, எபாக்சியைத் தூண்டாத ஒளியைக் கொடுத்துக் குருந்தத்தின் சிவப்பை மட்டும் உள்ளே விடுவதுதான் வழி. இந்தச் சிவப்புக்குக் காரணம் அலுமினியத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் குரோமியம். அது ஒளியை நன்றாக உறிஞ்சும் இடங்கள் இரண்டு: ஊதாவில் 410 பக்கம், பச்சையில் 555 பக்கம். 365 அந்த ஊதா மேட்டின் சரிவில்தான் விழுகிறது. எதில் தூண்டினாலும் வெளிவருவது 692.9, 694.3 என்ற இரட்டைக் கோடுதான். பச்சை ஒளி எபாக்சியை அவ்வளவாகக் கிளறாது. எனவே இந்தக் கல்லுக்குப் பச்சைதான் சரி.

செய்யும் முறை இது. 525 நானோமீட்டர் பக்கம் உச்சம் உள்ள ஒரு பச்சை எல்.ஈ.டி. டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன் ஷாட் நிறுவனத்தின் பி.ஜி.39 ஃபில்டர் கண்ணாடி 2 மி.மீ. வையுங்கள். பச்சை எல்.ஈ.டி.யின் சிவப்பு வாலை அது வெட்டிவிடும். டார்ச்சைக் கீழே வைக்காமல் ஸ்டேஜுக்கு மேலே, பக்கவாட்டில், செக்‌ஷனுக்கு 30 முதல் 45 டிகிரி சாய்வில் பிடிக்க ஒரு சின்ன ஸ்டாண்ட் செய்துகொள்ளுங்கள். அப்ஜெக்டிவுக்கு மேலே ஆர்.ஜி.665 சிவப்புக் கண்ணாடி (665-க்கு மேல் உள்ளதை மட்டும் விடுவது). போலரைசிங் மைக்ரோஸ்கோப்பில் ஜிப்சம் பிளேட் நுழைக்கும் துளை இருக்கிறதல்லவா, அதன் டி.ஐ.என். தர அளவு 20×6 மி.மீ. அதற்கேற்ற சட்டத்தில் ஃபில்டர் துண்டை ஒட்டி நுழைத்தால் கச்சிதமாக உட்காரும். ஆர்.ஜி.665 கிடைக்காவிட்டால், கருப்பு-வெள்ளைப் படக்காலத்துச் சிவப்பு 25 ஃபில்டரை ஐபீஸ் மேல் வைத்தும் தொடங்கலாம். அது 600 பக்கமே திறந்துவிடும் என்பதால் புலம் கொஞ்சம் கசியும்.

கல்லை வைப்பதற்கு முன் வெற்று ஸ்லைடு வைத்துப் பாருங்கள். புலம் மையிருட்டாக இருக்க வேண்டும். சிவப்பாகத் துளி தெரிந்தாலும் இரண்டு ஃபில்டர்களும் ஒன்றின் எல்லைக்குள் ஒன்று கசிகின்றன என்று பொருள். அடுத்து, அதே எபாக்சியை ஒரு சொட்டு ஸ்லைடில் விட்டு இறுகவைத்துப் பாருங்கள். இந்த இரண்டு சோதனையும் தேறிய பிறகு தெரியும் சிவப்பைத்தான் கல்லுடையது என்று நம்பலாம். இந்தச் சோதனை செய்யாமல் எடுத்த ஃப்ளோரசன்ஸ் படம் எதையும் நான் ஏற்க மாட்டேன்.

கண்டென்சரைக் கீழே இறக்கி அதன் மேல் பளபளப்பில்லாத கருப்புத் தாள் ஒன்றைப் போடுங்கள். வெள்ளைத் தாள் வேண்டாம். ஒளி கீழே பட்டுத் திரும்பி வந்து புலத்தை வெளுக்க வைக்கும். யூ.வி. என்றால் இன்னும் மோசம், தாளில் சேர்க்கும் வெளுப்பான் பளீரென நீலமடிக்கும்.

அப்ஜெக்டிவ் தேர்வு: இப்படிப் பக்கவாட்டில் ஒளி கொடுக்கும்போது படத்தின் வெளிச்சம் துளை எண்ணின் (அப்ஜெக்டிவில் 0.10, 0.25 என்று எழுதியிருப்பது) வர்க்கத்தை உருப்பெருக்கத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவில் இருக்கும். உங்கள் 4×/0.10-உம் 10×/0.25-உம் அந்தக் கணக்கில் சரிசமம். எனவே 10×-இலேயே பார்க்கலாம், வெளிச்சம் குறையாது. 40×/0.65 இதில் பாதிக்கும் கீழே போய்விடும், அதற்கும் கல்லுக்கும் நடுவே டார்ச் ஒளி நுழைய இடமும் இருக்காது.

பின்னால் எபி இணைப்பு கிடைத்தால் கணக்கு தலைகீழ். அங்கே துளை எண்ணின் நான்காம் அடுக்கு வேலை செய்யும். 4×-ஐவிட 10× ஆறு மடங்கு வெளிச்சம். எபியில் 4× போட்டுவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். ஃபில்டர்கள் அடங்கிய கியூப் தேர்விலும் கவனம் வேண்டும். நிக்கான் ஜி-2ஏ 510 முதல் 560 வரை தூண்டி 590-க்கு மேல் எல்லாவற்றையும் விடும், குருந்தத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. உயிரியல் ஆய்வகத்தில் டாப்பி என்ற நீலமாக ஒளிரும் சாயத்துக்கு வைத்திருக்கும் கியூபில் பல 460-ஐச் சுற்றி 50 நானோமீட்டர் மட்டும் விடுபவை. அதில் எபாக்சியின் நீலம் மட்டும் அழகாக வரும், 694 வரவே வராது.

---

கல்தச்சு எழுதியது:

மேலே சொன்னது ஒளியின் பக்கம். நான் சீவலின் பக்கம் சொல்கிறேன். இந்தக் கல்லில் பாதிச் சிக்கல் அங்கேதான்.

குருந்தத்தின் கடினம் 9, அனார்தைட்டின் கடினம் 6. தளர்வான கார்போரண்டம் பவுடர் 600 கிரிட் போட்டுக் கண்ணாடியில் தேய்த்தால் அனார்தைட் பள்ளமாகும், குருந்தம் மேடாக நிற்கும். அனார்தைட் 30 மைக்ரான் வரும்போது குருந்தம் 50, 60-இல் இருக்கும். குறுக்குப் போலராய்டில் வைத்துச் சரிபாருங்கள். குருந்தத்தின் இரட்டை விலகல் 0.008, ஆகவே 30 மைக்ரானில் அதிகபட்சம் சாம்பல் கலந்த வெள்ளைதான் வர வேண்டும். ஏதாவது ஒரு மணி ஆரஞ்சு, சிவப்பு காட்டினால் கனம் 60 பக்கம். கனத்தைக் குவார்ட்ஸ் வைத்துப் பார்க்கும் பழக்கம் இந்தக் கல்லில் உதவாது, குவார்ட்ஸே இல்லை. அனார்தைட்டின் உச்ச நிறம் முதல் வரிசை மஞ்சளில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒளிர்வுக்கு மேடு நல்லதுதான், ஆனால் இரண்டு மணிகளின் பிரகாசத்தை ஒப்பிடும்போது கனம் ஒன்றா என்று தெரியாமல் ஒப்பிடாதீர்கள்.

இன்னொன்று, மணி பிடுங்கிக்கொண்டு போவது. குருந்தம் தளப்பிளவில் உடைந்து கழன்றுவிடும். அந்தக் குழியில் கவர் ஸ்லிப் ஒட்டிய எபாக்சி இறங்கி நிரம்பும். 365-இல் அது நீலத்திட்டாக, சுற்றியுள்ள எதையும்விடப் பளிச்சென்று தெரியும். அதைக் கனிமம் என்று குறித்துவிடாதீர்கள். போலராய்டைக் குறுக்காக வைத்து ஸ்டேஜைச் சுழற்றினால் முழுச்சுற்றும் இருண்டே இருக்கும், அதுதான் அடையாளம்.

இருக்கும் செக்‌ஷனை அப்படியே விடுங்கள். கவர் ஸ்லிப்பை எபாக்சியில் ஒட்டியிருந்தால் கழற்ற முயன்று கல்லையும் இழப்பீர்கள். பச்சை ஒளி, சிவப்பு ஃபில்டர் முறைக்குக் கவர் ஸ்லிப் இடைஞ்சல் இல்லை. ஒளிர்வுக்கென்று தனியாக ஒரு சீவல் போடுங்கள்: கனம் 100 மைக்ரான், கவர் ஸ்லிப் கிடையாது. குறுக்கீட்டு நிறங்கள் பொருளிழந்துவிடும், பரவாயில்லை, அதற்குத்தான் முதல் செக்‌ஷன் இருக்கிறதே. சிவப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும்.

ஒட்டுவதற்குச் சயனோஅக்ரிலேட், அதாவது கடையில் கிடைக்கும் மெல்லிய சூப்பர் க்ளூ. எபாக்சியைவிட இதன் ஒளிர்வு மிகக் குறைவு. ஒட்டும் முகத்தை 1000 கிரிட் வரை சமமாக்கி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, நடுவில் ஒரு சொட்டு விட்டு, மேலே எடை வைத்து அழுத்துங்கள். பசை அடுக்கு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. காற்றுக்குமிழி நின்றால் அந்த இடத்தில் சீவல் கிழியும். தேய்ப்பதற்கு வைரம் பதித்த தட்டு, தளர்வான பவுடர் வேண்டாம். முடிவில் 6, 3, 1 மைக்ரான் வைரப் பேஸ்ட், மெத்தென்ற துணியில் இல்லாமல் கெட்டியான துணியில். மெத்துத் துணி மேடுபள்ளத்தைக் கூட்டும். பசையே வேண்டாம் என்றால் கடைசியில் அசிட்டோனில் ஊறவைத்துச் சீவலைத் தனியாகவே எடுத்துவிடலாம். 100 மைக்ரான் இதைத் தாங்கும், 30 தாங்காது.

அறுக்கும்போது எண்ணெய் பயன்படுத்தியிருந்தால் அது விரிசலுக்குள் ஊறியிருக்கும். கனிம எண்ணெய் யூ.வி.யில் நீலவெண்மையாக ஒளிரும், விரிசல்களில் நரம்புபோல ஓடும். கல்லில் பெட்ரோலியம் இருக்கிறது என்றே சிலர் எழுதிவிடுவார்கள். தண்ணீரில் அறுங்கள். முடிந்ததும் ஐசோபுரொப்பனாலில் அல்ட்ராசோனிக் 2 நிமிடம். எபாக்சி செக்‌ஷனை அசிட்டோனில் போடாதீர்கள், பசை இளகும். துடைக்க டிஷ்யூ பேப்பர் வேண்டாம். அதன் ஒற்றை நார் ஸ்லைடில் ஒட்டினாலும் யூ.வி.யில் வளைந்த நீலக் கம்பியாகப் புலத்தையே ஆளும். லென்ஸ் துடைக்கும் நுண்துணி, பிறகு ரப்பர் பல்பால் காற்று ஊதுங்கள்.

---

மணிமுகம் எழுதியது:

ஃபிராங்க்ளின் செக்‌ஷன் பற்றி: 254 உங்கள் கல்லை எட்டவே இல்லை. 1 மி.மீ. சோடாச் சுண்ணக் கண்ணாடி 254-ஐ முழுதாக விழுங்கிவிடும். 0.17 மி.மீ. கவர் ஸ்லிப்பும் விடாது. கீழிருந்து அடித்தால் கண்டென்சர், ஸ்லைடு இரண்டையும் தாண்ட வேண்டும். உருக்கிய சிலிக்காவில் செய்த ஸ்லைடு வாங்கலாம், ஆனால் தேவையில்லை. கவர் ஸ்லிப் இல்லாத சீவலுக்கு மேலிருந்து, 2, 3 செ.மீ. தூரத்தில், சாய்வாக விளக்கைப் பிடித்து 4×-இல் பாருங்கள். அப்ஜெக்டிவ் கண்ணாடியாக இருப்பதே இங்கே நல்லது. திரும்பி வரும் 254-ஐ அது நிறுத்தும், கல் வெளிவிடும் சிவப்பும் பச்சையும் தடையின்றி மேலே வரும்.

கால்சைட்டின் சிவப்பு மாங்கனீசால் வருவது. ஈயம் 254-ஐ உறிஞ்சி அந்தச் சக்தியை மாங்கனீசுக்குக் கை மாற்றுகிறது. ஈயம் 365-ஐ அப்படி உறிஞ்சாது, அதனால் 365-இல் கால்சைட் மங்கிவிடும். வில்லமைட்டின் பச்சையும் மாங்கனீசுதான், உச்சம் 525 பக்கம். அது 365-இலும் ஓரளவு தெரியும். ஆகவே 365 டார்ச்சின் சாய்வையும் குவியத்தையும் சரிசெய்ய வில்லமைட்டையே அடையாளக் கல்லாக வைத்துக்கொள்ளலாம்.

எபாக்சி 254-இலும் நீலமாக ஒளிரும். ஒரே ஃபில்டரில் எல்லாவற்றையும் பிடிக்க முயலாதீர்கள். ஓ.ஜி.570 (570-க்கு மேல் மட்டும் விடும் ஃபில்டர் கண்ணாடி) போட்டு ஒரு படம்: நீலமும் பச்சையின் பெரும்பகுதியும் போய்க் கால்சைட் மட்டும் நிற்கும். ஜி.ஜி.495 (495-க்கு மேல் விடுவது) போட்டு இன்னொரு படம்: வில்லமைட் சேரும். இரண்டையும் கணினியில் அடுக்குங்கள். ஃப்ளோட் முறையில் வார்த்த கண்ணாடியானால் ஒரு முகத்தில் வெள்ளீயம் படிந்திருக்கும், அந்த முகம் 254-இல் மங்கலாக ஒளிரும். வெற்று ஸ்லைடை இருபுறமும் விளக்கில் காட்டிப் பாருங்கள். ஒளிரும் முகத்தைக் கீழே வைத்து, ஒளிராத முகத்தில் கல்லை ஒட்டுங்கள்.

254 விளக்கு எரியும்போது கையுறை, முழுக்கை, பாலிகார்பனேட் கண்ணாடி. தோலும் விழிவெண்படலமும் சில நிமிடத்திலேயே பாதிக்கப்படும். வலி மணிக்கணக்கு கழித்துத்தான் தெரியும், அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம்.

---

சீவல்30 எழுதியது:

மூவருக்கும் நன்றி. பச்சை எல்.ஈ.டி., பி.ஜி.39, ஆர்.ஜி.665 வைத்தாயிற்று. வெற்று ஸ்லைடு இருட்டு, எபாக்சிச் சொட்டு இருட்டு, பழைய 30 மைக்ரான் செக்‌ஷனிலேயே குருந்தம் சிவப்பாகத் தெரிகிறது.

இப்போது இரண்டு சந்தேகம். மணியின் ஓரமும் உள்விரிசல்களும் நடுப்பகுதியைவிடத் தெளிவாகப் பிரகாசமாக இருக்கின்றன. குரோமியம் ஓரத்தில் கூடுதல் என்று எடுத்துக்கொள்ளலாமா? மற்றது, ஐபீஸில் மிக மங்கல், போனில் படம் எடுத்தால் அதுவும் இல்லை. அரை மணி இருட்டில் கண்ணைப் பழக்கியும் பயனில்லை.

---

ஓரக்கதிர் எழுதியது:

ஓரப் பிரகாசத்தைக் குரோமியம் என்று எழுதிவிடாதீர்கள். குருந்தத்தின் ஒளிவிலகல் எண் 1.76. உள்ளே பிறக்கும் சிவப்பு எல்லாத் திசையிலும் போகிறது. மேல்முகம் காற்றைத் தொட்டால் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்குள் வருவது மட்டுமே வெளியேறும். ஒரு முகத்துக்குச் சுமார் 9 சதவீதம்தான். எபாக்சி தொடும் முகத்தில் அந்த எல்லை 62 டிகிரி. மிச்சமெல்லாம் முழு அக எதிரொளிப்பில் மாட்டிக்கொண்டு, ஒளியிழைக்குள் ஓடுவதுபோல மணிக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடும். ஓரத்தையோ விரிசலையோ கீறலையோ முட்டும் இடத்தில்தான் வெளியே சிதறும். நீங்கள் பார்க்கும் பிரகாச விளிம்பு அந்தச் சிதறல்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. கவர் ஸ்லிப் இல்லாத சீவலில், ஒளிர்வு குறைந்த இமர்ஷன் ஆயிலை ஒரு சொட்டு விட்டு மேலே கவர் ஸ்லிப் வையுங்கள். ஆயில் மேல்முகக் கீறல்களையும் திறந்த விரிசல்களையும் நிரப்பிவிடும். விளிம்பின் பிரகாசம் தணிந்தால் அது சிதறல். மணியின் படிக முகங்களுக்கு இணையாக, விரிசல் இல்லாத இடத்திலும் பட்டைபட்டையாக நின்றால் உண்மையான மண்டலம், அதாவது படிகத்தின் கலவையே அங்கே மாறுகிறது. அப்போதும் இரும்பை மறக்க வேண்டாம். இரும்பு குரோமியத்தின் ஒளிர்வை அடக்கும். ஒரு பட்டை இருண்டிருப்பது குரோமியம் குறைந்ததாலும் இருக்கலாம், இரும்பு கூடியதாலும் இருக்கலாம். மைக்ரோபுரோபில் (எலக்ட்ரான் கற்றையால் கலவையை அளக்கும் கருவி) இரண்டையும் அளந்தால்தான் முடிவு சொல்ல முடியும். ஹார்ன்பிளெண்ட் முழு இருட்டாக நிற்பதும், பச்சை ஸ்பினல் இருந்தால் அது ஒளிராததும் இரும்பால்தான். அனார்தைட்டில் மிக மெல்லிய சிவப்பு மூட்டம் வந்தால் பயப்பட வேண்டாம். ஃபெல்ஸ்பாரில் உள்ள மூவிணை இரும்பு 700-ஐ ஒட்டி அகலமான பட்டையாக ஒளிரும். ரத்தினம் பார்ப்பவர்கள் வைத்திருக்கும் கைஸ்பெக்ட்ராஸ்கோப்பைக் கல்லின் மேலே பிடித்துப் பாருங்கள். குருந்தம் ஊசிபோல ஒற்றைச் சிவப்புக் கோடு காட்டும் (இரட்டைக் கோடு இதில் ஒன்றாகவே தெரியும்), ஃபெல்ஸ்பார் காட்டாது.

மங்கலுக்குக் காரணம் கண்ணும் போனும், கல் இல்லை. 694-இல் நம் கண்ணின் உணர்திறன் பச்சையில் இருப்பதன் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இருட்டுக்குப் பழகும் கோல் செல்கள் இந்தச் சிவப்பைப் பார்ப்பதே இல்லை, எனவே எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் வித்தியாசம் வராது. போனின் சென்சார் 694-ஐப் பார்க்கும், ஆனால் அதன் மேல் ஒட்டியிருக்கும் அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடி பெரும்பகுதியைத் தின்றுவிடும். வானியல்காரர்கள் கோள்களைப் படமெடுக்கும் கருப்பு-வெள்ளைக் கேமரா, தடுப்புக் கண்ணாடி இல்லாதது, ஐபீஸ் குழாயில் செருகக்கூடியது, அதுதான் இதற்கு. எக்ஸ்போஷரைக் கையால் 2 விநாடியில் தொடங்கி ஏற்றுங்கள். ஆட்டோ எதுவும் வேண்டாம். இருட்டுப் புலத்தை ஆட்டோ தானாகத் தூக்கி வெற்று ஸ்லைடையும் ஒளிரவைத்துக் காட்டும். எபாக்சிச் சொட்டையும் அதே விநாடிக்கு எடுத்துக் கழியுங்கள்.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கொரண்டம் என்று உலகம் முழுக்கச் சொல்லும் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். செக்‌ஷன் பெட்டியின் லேபிளில் குருந்தம் என்றே எழுதுங்கள்.

---

கல்தச்சு எழுதியது:

ஆயில் சோதனை செய்தால் ஒரு எச்சரிக்கை. சயனோஅக்ரிலேட்டில் ஒட்டிய சீவலை ஆயிலோடு இரவு முழுக்க விடாதீர்கள், ஓரங்களில் ஊறிப் பசை விட்டுப்போகும். படம் எடுத்ததும் ஐசோபுரொப்பனாலில் கழுவி உலர்த்துங்கள். 100 மைக்ரான் சீவல் தயாரானதும் பழைய செக்‌ஷனில் உள்ள அதே மணியின் மறுமுகத்தை எடுங்கள். அறுத்த கல்லில் எதிர்முகம் இருக்கும் அல்லவா, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளிம்பு சிதறலா மண்டலமா என்பது ஆயில் இல்லாமலே பாதி தெரிந்துவிடும்.